மைதீன் அச்சடித்தால் மட்டும் தொலைந்த வரி

நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் அலுவலக வாட்ஸப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நானும் நினைவூட்டவில்லை. அதனால் உளுந்தை ஊறப் போட்டுவிட்டு, இளையவர்களின் சண்டைகளை உட்கார்ந்த இடத்தில் படிக்க முடிகிறது.

சமீபத்தில் நடந்தது ஒரு சண்டை. யாரோ ஒரு வாடிக்கையாளரின் ஸ்கேனர் அடிக்கடி நின்றுபோகிறது. கோளாறு எங்கள் டிரைவரில். தேடிச் சரிசெய்ய நாளாகும் என்பதால், ஸ்கேனரைக் கழற்றி மறுபடி செருகிக்கொள்ளவும் என்று பதில் எழுதி, புகாரை ‘முடிந்தது’ என்று மூடிவிட்டார் ஒரு தம்பி. அது எப்படி முடிந்ததாகும் என்று ஒரு பெண் மல்லுக்கு நின்றாள். இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தது. கடைசியில் ஒருவர், சிவகாமி மேடம் குழுவில்தானே இருக்கிறார், அவர் காலத்தில் இதற்கெல்லாம் என்ன செய்தார்கள் என்று கேட்டார். ஆக, என்னை மறக்கவில்லை.

‘அவர் காலம்’ என்றது கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டார்கள். வாட்ஸப்பில் இவ்வளவு நீளமாக எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

டிரைவர் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். கணினிக்கு அச்சுப்பொறியின் பாஷை தெரியாது. அச்சுப்பொறிக்குக் கணினியின் பாஷை தெரியாது. நடுவே நின்று பேச்சை மாற்றித் தருகிற சின்ன நிரல்தான் டிரைவர். அது ஒழுங்காக இருக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. என் வேலைக்காலம் முழுக்க நான் எழுதியது அதைத்தான். என் மாமனார் கடைசிவரை நான் அரசுப் போக்குவரத்தில் இருப்பதாகவே நம்பினார். மருமகளுக்கு ஓய்வூதியம் உண்டு என்ற நிம்மதியோடு போய்ச் சேர்ந்தார்.

நான் படித்த கதை சுருக்கமானது. பாளையங்கோட்டையில் இயற்பியல், சென்னையில் ஒரு பட்டயப் படிப்பு, அங்கேயே கொஞ்ச காலம் வேலை, அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, திரும்பி வந்துவிட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் கணினி வேலை என்றால் தட்டச்சுப் பள்ளியின் பின்கட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதுதான். அதற்கு ஒரே விதிவிலக்கு சங்கரலிங்கம் சாரின் நிறுவனம். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம், ஒரு பம்புசெட் கடைக்கு மேல் மாடி. கீழே மோட்டாரை ஓட்டிப் பார்த்தால் மேலே திரையில் எழுத்து நடுங்கும். கோளாறு கணினியிலா, கடையில் வியாபாரமா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடர்வோம்.

சார் கல்லூரியில் மின்னணுவியல் நடத்திக்கொண்டிருந்தவர். முதல்வரோடு ஏதோ மனத்தாங்கலில் வேலையை விட்டுவிட்டு கணினிக்குள் செருகுகிற ஒரு கார்டு செய்ய ஆரம்பித்தார். அந்நாளில் கணினியின் முதுகில் ஒன்றிரண்டு வெளிச் சாதனங்களைத்தான் செருக முடியும். சாரின் கார்டைப் போட்டால் கூடுதலாக நான்கு வாசல். எடைமேடை, அச்சுப்பொறி, மோடம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஓட்டலாம். கார்டு சாருடையது. அதற்கான டிரைவரை முதலில் அவர் எழுதினார். பிறகு நான் பார்த்துக்கொண்டேன்.

சாரின் நடைமுறைகளைச் சொல்லாமல் மேலே போக முடியாது. காலையில் வந்ததும் வெந்நீர் குடிப்பார். குடித்து முடிக்கும்வரை யார் புகாரையும் கேட்க மாட்டார். பிழை, தப்பு என்ற சொற்களே அவர் வாயில் வராது. கோளாறு எதுவானாலும் அது மெஷினின் ‘குணம்’. குணத்துக்குத் தகுந்தாற்போல் நடந்துகொள்வது ‘பக்குவம்’. வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்தினால், “அது அதோட குணம் சார். நீங்கதான் பக்குவமாப் போவணும்” என்பார், பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் பேசுவது மாதிரி. பெரும்பாலும் எதிர்முனை அடங்கிவிடும். தங்கள் வீட்டு நிலவரம் ஞாபகம் வந்திருக்கலாம்.

வெளியூருக்கு டிரைவர் கொண்டு போனால் ஒரே பிளாப்பியை நம்பிப் போகக் கூடாது என்பது ஒரு விதி. இன்னொரு விதிதான் முக்கியமானது. சேர்ந்த புதிதில் நான் ஒரு கோளாறைப் பற்றி, சில சமயம் இப்படி ஆகிறது சார் என்று சொல்லப்போய், அவர் வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“உன் வாயில ‘சில சமயம்’னு ஒரு வார்த்தை இருக்க வரைக்கும் நிரல்ல கை வைக்கக் கூடாதும்மா. எப்பம் ஆவுதுன்னு சொல்லத் தெரிஞ்சா, அப்பம் தொடு.”

இதைவிட நல்ல பாடத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் சார் அதை வைத்திருந்தது பெரும்பாலும் நிரலை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. நான் முதன்முதலில் ஒழுங்காகத் திருத்திய கோளாறு, ஜங்ஷன் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் பில் அச்சுப்பொறியில் இருந்தது. ஒவ்வொரு பில்லுக்கும் பிறகு அது காரணமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்ததை அடிக்கும். நான் காரணத்தைக் கண்டுபிடித்து நீக்கினேன். பில்கள் மளமளவென்று வந்தன. அடுத்த வாரமே கடை அண்ணாச்சி மாடியேறி வந்து நின்றார். அந்தத் தாமதத்தில்தான் அவர் கடை ஆள் பில்லைக் கிழித்துக்கொண்டிருந்தாராம். இப்போது கிழிப்பதற்குள் அடுத்த பில் வந்து, ஒருவர் வேட்டிக்கான பில் இன்னொருவர் சேலையோடு போகிறது.

“பழைய கோளாறையே போட்டுக் குடுங்க அண்ணாச்சி. அது நல்லா இருந்துச்சு” என்றார் சாரிடம்.

சார் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. நானே போய்க் கோளாறைத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.

இன்னொன்று, நான் சேர்வதற்கு முன்பு நடந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு அரிசி ஆலை. அறுவடை சமயம். எடைமேடையும் அச்சுப்பொறியும் ஒன்றாக ஓடும்போது கணினி அப்படியே உறைந்துவிடும். நெல் லாரிகள் அணைக்கட்டுச் சாலைவரை நின்றன. சார் பஸ் பிடித்துப் போய், ஆலையிலேயே உட்கார்ந்து டிரைவரில் ஒரு டைமர் சேர்த்தார். நொடிக்குப் பலமுறை அதுவாகவே கார்டை எட்டிப் பார்த்து, எதுவும் சிக்கியிருந்தால் தட்டிவிடும். கணினி உறைவது நின்றது. லாரிகள் நகர்ந்தன. ஆலைக்காரர் சாரைத் தன் காரிலேயே கொண்டுவந்து விட்டார். ஏன் உறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த டைமருக்குப் பக்கத்தில் சார், ‘தற்காலிகம்’ என்று ஆங்கில எழுத்தில் ஒரு குறிப்பு எழுதித் தன் முதலெழுத்துகளையும் போட்டிருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது இருந்தது. அதன் பிறகு விற்ற எல்லாக் கார்டுகளோடும் அது போயிற்று.

இனி மைதீனின் கதை.

பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஒரு பள்ளிக்கு வெளிநாட்டிலிருந்து பிரெயில் அச்சுப்பொறி ஒன்று நன்கொடையாக வந்தது. கெட்டித் தாளில் புள்ளிகளைக் குத்திக் குத்தித் தள்ளும். அதை ஓட்ட ஒரு கணினி, கணினியில் எங்கள் கார்டு. இயக்குவதற்கு அதே பள்ளியில் படித்த மைதீனை எடுத்தார்கள். மேலப்பாளையத்துக்காரர், வரலாற்றில் பட்டம் வாங்கியவர், பிறவியிலேயே பார்வை கிடையாது. கணினித் திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்ல ஒரு பேசும் பெட்டியும் நன்கொடையில் இருந்தது. அதையும் எங்கள் கார்டில்தான் செருகியிருந்தார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தால் நிரல் அதைத் தமிழ் பிரெயிலாக மாற்றும். பேசும் பெட்டி அதே ஆங்கில எழுத்தைத் தன் அமெரிக்க வாயால் படிக்கும். அது தாமிரபரணி என்று சொல்வதைக் கேட்டால் ஏதோ மாத்திரையின் பெயர் போல இருக்கும். மைதீனுக்கு மட்டும் முழுதும் புரியும்.

வேலை தகுதிகாண் பருவத்தில் இருந்தது. சரியாகச் செய்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் அவருக்குப் பெண் பார்த்து, வேலை நிரந்தரம் ஆகட்டும் என்று பெண் வீட்டார் காத்திருந்தார்கள். இதை மைதீன் என்னிடம் சொல்லவில்லை. பள்ளியில் மற்ற எல்லோரும் சொன்னார்கள்.

அரையாண்டுத் தேர்வில் வினை வந்தது. சமூக அறிவியல் தாளில் ஒவ்வொரு பிள்ளையின் பிரதியிலும் ஒவ்வோர் இடத்தில் ஒரு வரி, ஒன்றரை வரி காணவில்லை. ஒரு பையனின் தாளில், பாண்டியர் துறைமுகமான கொற்கையில் என்று தொடங்கிய கேள்வி, வாழைக்கு எருவாக இடுவது எப்படி என்று முடிந்தது. அவன் ஒரு பக்கம் விடை எழுதியிருந்தான். ஆசிரியர் பாதி மதிப்பெண் கொடுத்ததாகக் கேள்வி.

கணினியில் இருந்த மூலத்தைப் பார்த்தால் எல்லா வரியும் ஒழுங்காக இருந்தது. பள்ளியின் கணினி ஆசிரியர், பார்வை உள்ளவர், அதையே அச்சடித்தார். ஒரு வரிகூடப் போகவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார். போகவில்லை. மைதீன் அடித்தால் போயிற்று. ஆகவே குற்றம் யாருடையது என்பதில் பள்ளிக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

மைதீனுக்கு ஒரு வழக்கம் உண்டு. தாள் வெளியே வர வர, சூடு ஆறுவதற்குள் என்பார்களே, அப்படி இடது கையால் அங்கங்கே ஒரு வரியைத் தடவிப் படித்துக்கொண்டே இருப்பார். அந்தக் கை தாளை இழுத்துவிடுகிறது என்றார் தலைமையாசிரியர். கையை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கும்படி உத்தரவாயிற்று. வைத்துக்கொண்டார். வரி போயிற்று. அப்படியென்றால் எதையோ தவறுதலாக அழுத்துகிறார் என்றார்கள். முழு ஆண்டுத் தேர்வுக்கு முன் நிர்வாகக் குழு கூடும், அதற்குள் சரியாகாவிட்டால் பார்வையுள்ள ஒருவரை வேலைக்கு எடுப்பார்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் ஒரு மரியாதைக்கு எங்களையும் கூப்பிட்டார்கள்.

நான் போனபோது மைதீன் இஸ்திரி போட்ட சட்டையும் கடுகடுப்பான முகமுமாக உட்கார்ந்திருந்தார். என்னை வரவேற்கிற எண்ணம் அவருக்கு இல்லை.

“நீங்களும் என் கையத்தான் பாக்க வந்தீங்களா மேடம்?”

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது. அதைத்தான் பார்க்க வந்திருந்தேன்.

ஒரு பகல் முழுக்க அவர் விரல்களைப் பார்த்தேன். கணினி ஆசிரியர் அழுத்துகிற அதே விசைகள், அதே வரிசை. நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து அடித்தேன். சரியாக வந்தது. அவர் உட்கார்ந்தார். வரி போயிற்று. மறுநாளும் அதேதான். சாரின் விதிப்படி யோசித்தால், ‘சில சமயம்’ என்ற வார்த்தைக்கு இடமே இல்லை. மைதீன் உட்கார்ந்தால் போகிறது. அப்படிச் சொல்லிவிட்டு அலுவலகம் திரும்ப எனக்கு மனம் வரவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு அப்போது பிரியமெல்லாம் இல்லை. பதில் மிகவும் வசதியாக இருந்ததுதான் உறுத்தியது.

வேறு வழி தோன்றாமல், அவர் வேலை செய்வதுபோலவே செய்து பார்ப்போம் என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். விசைப்பலகை கைக்குப் பழக்கமானதுதான். ஆனால் திரையில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கையால் துழாவிப் பேசும் பெட்டியைப் போட்டேன். அதுவரை நானும் கணினி ஆசிரியரும் அதைப் போட்டதில்லை. எங்களுக்கு எதற்கு? அந்தச் சத்தம் வேறு தலைவலி என்று வந்ததும் அணைத்துவிடுவோம்.

பெட்டி பேசிக்கொண்டிருக்க, அச்சடித்தேன். மைதீன் தாளைத் தடவினார். மூன்றாவது பக்கத்தில் விரல் நின்றது.

“இங்கன ஒரு வரி இல்ல” என்றார். பிறகு, “கண்ண மூடினதுக்கே வரி போவுதுன்னா, நல்ல மெஷின்தான் வாங்கியிருக்காங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியை அணைத்துவிட்டு அவரையே அடிக்கச் சொன்னேன். பக்கங்கள் முழுசாக வந்தன. அவர் மடியில் வைத்திருந்த இடது கையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அலுவலகம் வந்து டிரைவரைப் பிரித்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. நான்கு வாசலுக்கும் சேர்த்துக் கணினிக்குள் இருப்பது ஒரே அழைப்பு மணி. மணி அடித்தால் டிரைவர் எழுந்து போய், எந்த வாசலில் ஆள் என்று பார்த்து, சொல்வதைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடும். அதே நேரத்தில் இன்னொரு வாசலிலும் ஆள் நின்றால், அவருக்காக மணி தனியாக அடிக்காது. டிரைவர் கவனிக்காமல் வந்துவிடும். அச்சுப்பொறி, வயிறு நிறைந்துவிட்டது, நிறுத்து என்று சொல்லும் கணத்தில் பேசும் பெட்டியும் கணினியிடம் ஏதாவது சொன்னால், அச்சுப்பொறி சொன்னது கேட்கப்படாமலே போகும். கணினி தொடர்ந்து அனுப்பும். அச்சுப்பொறி வாங்க முடியாமல் கீழே விடும்.

அரிசி ஆலையில் கணினி உறைந்ததும் இதே காரணத்தால்தான். சாரின் டைமர் உறைவதை மட்டும் நிறுத்தியது. அது அடுத்த முறை எட்டிப் பார்ப்பதற்குள் இருக்கிற இடைவெளியில் ஒரு வரியோ ஒன்றரை வரியோ போய்விடும். டைமர் இல்லாதிருந்தால் பள்ளிக் கணினி முதல் நாளே உறைந்து நின்றிருக்கும். எல்லோரும் எங்களைத்தான் திட்டியிருப்பார்கள். டைமர் இருந்ததால் மைதீனைத் திட்டினார்கள்.

திருத்தம் பெரிய வேலை அல்ல. எழுந்து போன டிரைவர், ஒருவரும் காத்திருக்கவில்லை என்று உறுதியாகும்வரை நான்கு வாசலையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். சாரிடம் போய்ச் சொன்னேன். வெந்நீர் முடிந்திருந்தது.

அவர் கேட்டுவிட்டு, அருமையாகக் கண்டுபிடித்திருக்கிறாய் என்றார். பிறகு, அச்சடிக்கும்போது பேசும் பெட்டியை அணைத்து வைக்கும்படி பள்ளிக்குச் சொல்லிவிடு என்றார். எனக்கு அது அப்போது தவறாகத் தோன்றவில்லை என்று சொன்னால் நம்புங்கள். எங்களுக்கெல்லாம் அது அவ்வளவு சின்ன விஷயம். போய் மைதீனிடம் சொன்னேன்.

“சரி மேடம், அணைச்சிருதேன். தாளு சிக்கிட்டு, தீந்துட்டுன்னு மெஷின் எங்கிட்ட எப்படிச் சொல்லும்?”

பக்கத்தில் யாராவது உட்கார்ந்து பார்த்துச் சொல்லலாமே என்றேன்.

“அப்பம் அவரே அடிச்சிருவார்லா. நான் எதுக்கு?”

குரலை உயர்த்தவில்லை. தாளின் விளிம்பில் இருந்த துளைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. நாங்கள் ஒரு பொத்தானை அணைக்கச் சொன்னதாக நினைத்தோம். அவர் வேலையை அணைக்கச் சொல்லியிருந்தோம்.

அலுவலகத்தில் அன்றைக்கு நடந்ததைச் சண்டை என்று சொல்ல மாட்டேன். சாரோடு யாரும் சண்டை போட முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரின் அடிமடியில் கை வைத்தால் மற்ற ஊர்களில் என்னென்ன ஆகும் என்று கேட்டார். ஜவுளிக்கடையை ஞாபகப்படுத்தினார். ஒரு நூற்பாலையிலிருந்து பெரிய ஆர்டர் பேச்சில் இருக்கிறது, இந்த நேரத்தில் நம் டிரைவரில் கோளாறு என்று வெளியே போனால் என்ன ஆகும் என்றார். எல்லாம் நியாயமான கேள்விகள்.

“சார், ‘சில சமயம்’ங்கிற வார்த்தை இல்லாமச் சொல்லிட்டேன்லா. நீங்க சொன்னதுதானே, இனி தொடலாம்னு” என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே மோட்டார் ஓடியது. திரையில் எழுத்து நடுங்கி நின்ற பிறகு சொன்னார்.

“பையத் தொடு. டைமர் மட்டும் அங்கன இருக்கட்டும். ஒரு பாதுகாப்புக்கு.”

திருத்தினேன். பேசும் பெட்டியை இரவல் வாங்கி வந்து, அது பேசப் பேசக் கட்டுக்கட்டாக அச்சடித்துப் பார்த்தோம். கீழ்க்கடைக்காரர் மேலே வந்து, வெள்ளைக்காரர் யாரோ வந்திருக்கிறாரா என்று விசாரித்தார். ஒரு வரிகூடப் போகவில்லை.

நிர்வாகக் குழு கூடும் அன்று புது டிரைவரோடு நானும் சாரும் போனோம். வழியில் சார் சொன்னது இதுதான்: போட்டுவிட்டு வந்துவிடுவோம், யாராவது காரணம் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பேச வேண்டாம். தாளாளர், தலைமையாசிரியர், இன்னும் சில பெரியவர்கள் அறையில் இருந்தார்கள். மைதீன் பேசும் பெட்டியைப் போட்டுக்கொண்டு முழு ஆண்டுத் தேர்வுத் தாளை அச்சடித்தார். பிரெயில் தெரிந்த ஓர் ஆசிரியை பிரதி பிரதியாகத் தடவிப் பார்த்து, எல்லாம் இருக்கிறது என்றார்.

காரணத்தை யாரும் கேட்கவில்லை. அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. தலைமையாசிரியர் முகம் மலர்ந்து, எச்சரித்த பிறகு மைதீன் கவனமாக இருக்கிறார் என்பது தெரிகிறது என்றார். தாளாளரும் தலையசைத்தார். இப்படியே இன்னும் ஒரு வருடம் தகுதிகாண் பருவத்தில் வைத்துப் பார்க்கலாம், அதுவரை அச்சடிக்கும்போது கணினி ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும், ஒரு பாதுகாப்புக்கு என்றார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பெருந்தன்மையாக முடித்துவிட்ட திருப்தி அறையில் இருந்தது. சார் பிளாப்பிகளைப் பையில் வைத்துவிட்டு எழுந்தார்.

மைதீன் எழவில்லை.

“சார், நான் எதுல கவனமா இருந்தேன்னு சொன்னீங்கன்னா, இனிமேயும் அப்படியே இருந்துக்கிடுவேன்.”

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். நான் சாரைப் பார்த்தேன். அவர் பையை நாற்காலியில் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

“அவரு ஒண்ணும் மாத்தல. மாத்தினது நாங்க. தப்பு எங்க டிரைவர்ல இருந்துச்சு.”

தப்பு என்ற சொல்லை அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். தாளாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் சில சமயம் மட்டும் மெஷின் அப்படிச் செய்ததாக்கும் என்று கேட்டார், எல்லோருக்கும் ஒரு வழி விடுகிற மாதிரி.

“சில சமயம் இல்ல சார். இந்தப் பெட்டி பேசினப்பம் எல்லாம். அப்படின்னா, இவரு இந்த நாற்காலியில உக்காந்து வேலை பாத்தப்பம் எல்லாம்” என்றார் சார்.

அதற்குள் பேசும் பெட்டி, தாள் தீர்ந்துவிட்டது என்று தன் பாஷையில் சொன்னது. மைதீன் எழுந்து போய்ப் புதுத் தாள் மாட்டினார்.

அன்றே அவர் வேலையை நிரந்தரம் ஆக்கினார்கள். கணினி ஆசிரியரைப் பக்கத்தில் உட்கார வைக்கிற யோசனையைத் தாளாளரே திரும்பப் பெற்றார். சார் என்னோடு நேரே அலுவலகம் வந்தார். வந்ததும் என் கணினிமுன் உட்கார்ந்து டிரைவரைத் திறக்கச் சொன்னார். தன் முதலெழுத்துகள் இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, டைமரையும் ‘தற்காலிகம்’ என்ற குறிப்பையும் தானே அழித்தார். பிறகு, இதை எல்லா ஊருக்கும் கொண்டு போக வேண்டும், எங்கெங்கே என்று எழுதம்மா என்றார். எழுதினேன். மழை, வெயில் பாராமல் இருவரும் பஸ்ஸில் அலைந்தோம். மாஞ்சோலைக்குப் போன மலைப் பஸ்ஸில் எனக்கு வாந்தி வந்ததுதான் மிச்சம். எங்கேயும் எதுவும் கெடவில்லை. நூற்பாலை ஆர்டர் வேறொருவருக்குப் போனது. ஏன் என்று சார் விசாரிக்கவில்லை.

அந்தத் தேர்வெல்லாம் முடிந்து, பள்ளி திறந்து சில மாதங்கள் போயிருக்கும். ஒரு காலையில் அலுவலகத்துக்குத் தொலைபேசி. மைதீன்.

“அக்கா, இன்னைக்கு எட்டாம் வகுப்புத் தாள்ல ஒரு வரி இல்ல.”

எதிரே சார் வெந்நீரோடு நிமிர்ந்து பார்த்தார். பேசும் பெட்டி ஓடியதா, எந்தப் பக்கம், எத்தனை பிரதி என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்.

“மெஷின்ல ஒண்ணும் இல்லக்கா. டைப் அடிக்கும்போதே நான்தான் ஒரு வரிய விட்டுட்டேன். தலைமையாசிரியர் கூப்பிட்டுத் திட்டினாரு. சரியாத்தான் திட்டினாரு. உங்ககிட்டயும் சொல்லணும்னு தோணிச்சு.”

இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிய மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. போனை வைத்ததும், என்னவாம் என்று சார் கேட்டார். பிழை டிரைவரில் இல்லை சார், மைதீனுடையது என்றேன்.

“நல்லதாப் போச்சு” என்றார். மிச்ச வெந்நீரைக் குடித்தார்.